ஆளணிச் செலவுத் திட்டமிடலா, ஊதிய முகாமைத்துவமா? எஸ்.ஏ.பி. மென்பொருளின் இரு கூறுகள்: தோட்டக் கணக்கறையிலிருந்து ஒரு மதிப்பீடு

பெருந்தோட்டக் கம்பனிகளுக்கு வணிக மென்பொருள் விற்க வருபவர்கள், "சம்பளம் சம்பந்தப்பட்ட அத்தனையும் இதற்குள் இருக்கிறது" என்று சொல்லி, ஆளணிச் செலவுத் திட்டமிடலையும் ஊதிய முகாமைத்துவத்தையும் ஒரே மூச்சில் காட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். கேட்டுக்கொண்டிருக்கும் பணிப்பாளர்களுக்கும் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றுகின்றன. இரண்டிலும் சம்பளத் தொகைகள், சதவீதங்கள், அனுமதிப் படிகள், பாதீடு என்ற சொல் எல்லாம் வருகின்றன. ஆனால் இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களின் செலவுக் கணக்கோடு அன்றாடம் மல்லுக்கட்டுகிற ஒருவரின் கண்ணுக்கு இவை இரண்டும் வெவ்வேறு வேலைகளுக்கான வெவ்வேறு கருவிகள். முதலாவது, சில திருத்தங்களோடு, மலையகத் தோட்டங்களுக்கு வாங்கத் தகுந்தது. இரண்டாவது, கம்பனியின் சம்பளப் பட்டியலில் இருக்கும் மிகச் சிறிய ஒரு வட்டத்துக்கு மட்டுமே பயன்படும். ஏன் அப்படி என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

எஸ்.ஏ.பி. நிறுவனத்தின் மனிதவள மென்பொருளில் ஆளணிச் செலவுத் திட்டமிடல் என்ற கூறு, வரப்போகும் ஆண்டில் ஊழியர்களுக்காகக் கம்பனி எவ்வளவு செலவிட நேரும் என்பதைக் கணக்கிடுகிறது. அடிப்படைச் சம்பளப் பதிவுகளிலிருந்தோ, முடிந்துபோன மாதங்களின் சம்பளப் பட்டியல் முடிவுகளிலிருந்தோ அது தொகைகளைத் திரட்டிக்கொள்ளும். அவற்றோடு இன்னும் ஆள் நியமிக்கப்படாத வெற்றிடங்களையும் சேர்த்து, சேமலாப நிதி போன்ற மேல்செலவுகளை ஏற்றி, ஒவ்வொரு செலவு மையத்துக்கும் (செலவைத் தனியே கணக்கிடும் பிரிவுக்கும்) உரிய தொகையைத் தரும். அந்தத் திட்டம் பிரிவுத் தலைவர்களின் பார்வைக்குப் போய்த் திருத்தப்பட்டு, விடுவிக்கப்பட்ட பின்னர், கட்டுப்பாட்டுக் கணக்கீட்டுப் பகுதிக்குத் திட்டச் செலவாகப் பதிவாகும். இதில் எத்தனை எண்களை மாற்றினாலும் ஒரு தொழிலாளியின் சம்பளத்தில் ஒரு சதம்கூட ஏறவும் மாட்டாது, இறங்கவும் மாட்டாது.

ஊதிய முகாமைத்துவக் கூறு நேரெதிரான திசையில் இயங்குகிறது. ஒரு குறிப்பிட்ட தொகை சம்பள உயர்வுக்காக ஒதுக்கப்பட்டுவிட்டது என்று வைத்துக்கொண்டு, அந்தத் தொகைக்குள் யாருக்கு, எந்த விதியின்படி, எவ்வளவு கொடுப்பது என்று தீர்மானிக்க அது உதவுகிறது. தகுதி விதிகள், எந்த நிலையிலுள்ளவருக்கு எத்தனை சதவீதம் என்று காட்டும் வழிகாட்டல் அட்டவணைகள், மேலதிகாரியின் பரிந்துரை, அதற்கு மேலுள்ளவரின் அனுமதி என்று படிப்படியாகப் போய், முடிவில் நடைமுறைப்படுத்தும் கட்டளை கொடுக்கப்பட்டதும் ஊழியரின் அடிப்படைச் சம்பளப் பதிவே மாறிவிடும். அடுத்த சம்பளத்தில் அந்த உயர்வு கைக்கு வரும்.

இந்த வேறுபாடு எங்கள் பகுதிக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளத்தை எந்தத் துரையும் (தோட்ட முகாமையாளரும்) நிர்ணயிப்பதில்லை. 2019 ஜனவரியில் கையெழுத்தான கூட்டு ஒப்பந்தம் அடிப்படைச் சம்பளத்தை 700 ரூபா ஆக்கியது. 2021 மார்ச்சில், குறைந்தபட்சச் சம்பளத்தை நிர்ணயிக்கும் சம்பளச் சபையின் வழியாக, வரவு செலவுக் கொடுப்பனவு 100 ரூபாவையும் சேர்த்து, நாட்சம்பளம் 1,000 ரூபா ஆனது. 2024 ஏப்ரல் 30ஆம் திகதிய வர்த்தமானி மொத்தமாக 1,700 ரூபா என்றது. வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போய் இடைக்காலத் தடை வந்தது. அதே ஆண்டு செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவில் வந்து நின்றது. 2025 நவம்பரில் பாராளுமன்றத்தில் முன்வைக்கப்பட்ட வரவு செலவுத் திட்டமோ, கம்பனிகள் 1,550 ரூபா கொடுக்க வேண்டும், அதற்கு மேல் நாளொன்றுக்கு 200 ரூபா வருகை ஊக்கத்தொகையை அரசாங்கம் கொடுக்கும் என்று முன்மொழிந்தது. இப்படி வெளியிலிருந்து வரும் ஒரு தொகையை "வழிகாட்டல் அட்டவணை"யில் போட்டு, மேலதிகாரியின் பரிந்துரைக்கு அனுப்புவதில் என்ன பொருள் இருக்கிறது? அனுமதிக்கவோ மறுக்கவோ அங்கே எதுவுமில்லை. ஆயிரக்கணக்கான தொழிலாளர்களுக்கு ஊதிய முகாமைத்துவத்தை விரித்து நிறுவலாம் என்று ஒரு விற்பனையாளர் சொன்னால், அவர் தோட்டத்துச் செக்ரோலை (தொழிலாளரின் வருகையும் சம்பளமும் பதியும் பட்டியலை) ஒருமுறையாவது புரட்டிப் பார்த்தாரா என்று கேட்பது நியாயமே.

செலவுத் திட்டமிடலுக்கு இதே நிச்சயமின்மைதான் உண்மையான வேலை. ஒரே ஆண்டுக்குப் பல திட்டங்களை வைத்துக்கொண்டு ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்க முடிவது இந்தக் கூறின் மிகப் பெரிய பலம். 2024ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள்: பழைய சம்பளம் தொடர்ந்தால் என்ன, மே மாதத்திலிருந்து 1,700 ஆனால் என்ன, தடை நீடித்துச் செப்டெம்பரில் 1,350 ஆனால் என்ன என்று மூன்று திட்டங்கள் தயாராக இருந்த கணக்காளருக்கு, வர்த்தமானி வெளியான மறுநாள் தலைமையகத்திலிருந்து வரும் தொலைபேசி அழைப்புக்குப் பதில் சொல்வது சுலபம். எக்செல் தாளில் இதைச் செய்ய முடியாது என்றில்லை. ஆனால் பத்துப் பதினைந்து தோட்டங்கள், ஒவ்வொன்றிலும் நான்கைந்து டிவிசன்கள் (தோட்டத்தின் உட்பிரிவுகள்), தொழிற்சாலை, பணிமனை என்று விரியும்போது எந்தத் தாள் கடைசித் திருத்தம் என்பதே பெரிய வழக்காகிவிடுகிறது.

ஒரு பேரின் விலையை நெருங்கிப் பார்ப்போம். தோட்டத்தில் பேர் என்றால் ஆள் அல்ல, ஒருவரின் ஒரு நாள் வேலை. தொழிலாளி ஒருவர் மாதத்தில் 18 முழுப்பேரும் இரண்டு அரைப்பேரும் போட்டிருந்தால் மொத்தம் 19 பேர். 1,350 ரூபாப்படி 25,650 ரூபா. அதன்மேல் கம்பனி செலுத்த வேண்டிய ஊழியர் சேமலாப நிதி 12 சதவீதம், ஊழியர் நம்பிக்கை நிதி 3 சதவீதம். இரண்டும் சேர்ந்து 3,847 ரூபா 50 சதம். ஆகக் கம்பனிக்கு அந்த 19 பேரின் செலவு 29,497 ரூபா 50 சதம். நாட்சம்பளம் 1,550 ஆனால் அதே 19 பேரின் செலவு 33,867 ரூபா 50 சதம். 200 ரூபா உயர்வு என்று பத்திரிகைகளில் வருவது கம்பனியின் புத்தகத்தில் பேருக்கு 230 ரூபா. இந்த அளவுக்கு மென்பொருள் எந்தக் குறையுமில்லாமல் செய்கிறது. செலவு உருப்படிகளைச் சரியாக வரையறுத்துவிட்டால் போதும். அரசாங்கம் கொடுக்கும் ஊக்கத்தொகையைப் பொறுத்தவரை மட்டும் கவனம் வேண்டும். அது தொழிலாளியின் கையில் சேரும் வருமானமே தவிரக் கம்பனியின் செலவு அல்ல. சம்பளப் பட்டியல் வழியாக அது கொடுக்கப்படுமானால், பட்டியல் முடிவுகளிலிருந்து தொகை திரட்டும் முறை அதையும் அள்ளிக்கொண்டு வந்து செலவில் சேர்த்துவிடும்.

சேவை முடிவில் கொடுக்க வேண்டிய பணிக்கொடை விடயத்தில் மென்பொருளின் இயல்பான அமைப்புப் போதாது. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தின்படி, மாதச் சம்பளம் பெறாத தொழிலாளிக்குச் சேவை செய்த ஒவ்வொரு முழு ஆண்டுக்கும் 14 நாட்சம்பளம் உரித்தாகிறது. அதுவும் கடைசியாகப் பெற்ற சம்பள வீதத்தில். ஆகவே நாட்சம்பளம் உயரும்போது வரப்போகும் ஆண்டின் செலவு மட்டுமன்றி, கடந்துபோன ஆண்டுகள் அத்தனைக்குமான பொறுப்பும் ஒரே நாளில் உயர்ந்துவிடுகிறது. இருபது ஆண்டு சேவையுள்ள ஒரு கொழுந்துக்காரப் பெண்ணுக்கு 280 நாட்சம்பளம். 200 ரூபா உயர்வால் அவர் ஒருவருக்கான பொறுப்பு மட்டும் 56,000 ரூபாவால் கூடுகிறது. சராசரி பதினைந்து ஆண்டு சேவையுள்ள 500 தொழிலாளர்கள் கொண்ட தோட்டத்துக்கு இது இரண்டு கோடியே பத்து இலட்சம் ரூபா. இலங்கைக் கணக்கீட்டு நியமம் 19இன் கீழ் காட்ட வேண்டிய பொறுப்பு இந்த எளிய பெருக்கலிலிருந்து வேறுபடும் என்றாலும், உயர்வின் திசையும் பாரமும் இவைதான். மாதச் சம்பளத்தின் மேல் ஒரு நிலையான சதவீதத்தைப் பணிக்கொடைக்காக ஏற்றிவிட்டு ஓய்ந்துபோகும் திட்டம் இந்த ஒற்றை அடியைக் காணவே காணாது. சேவைக்கால அடிப்படையில் தனிக் கணிப்பொன்றை எழுதிச் சேர்க்கலாம். அதற்கு நிறுவுநர் தனிக் கட்டணம் கேட்பார். கொடுப்பது நல்லது.

அடுத்த குறை இன்னும் ஆழமானது. ஆளணிச் செலவுத் திட்டமிடல் பதவிகளையும் ஆட்களையும் அச்சாகக் கொண்டு கட்டப்பட்டது. ஒரு பதவி, அதில் ஒருவர், அவருக்கு மாதம் இவ்வளவு என்பதே அதன் அடிப்படை எண்ணம். கொழும்புத் தலைமையகத்துக்கு அது கச்சிதமாகப் பொருந்தும். மலைக்கு ஏறியதும் நிலைமை மாறிவிடுகிறது. செக்ரோலில் முந்நூறு ஆட்கள் பதிவாகியிருப்பார்கள். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களத்துக்கு வருகிறவர்கள் ஒரு நாளைக்கு ஒரு தொகை. மழை பிடித்துவிட்டால், கோயில் திருவிழா வந்தால், வெளியில் மரக்கறித் தோட்டத்தில் கூடுதல் கூலி கிடைத்தால் பேர் குறையும். நிர்ணய அளவுக்கு மேல் பறிக்கும் மேலதிகக் கிலோவும், உடன் காசுக்குப் பறிக்கும் கைக்காசுக் கொழுந்தும் ஆள் எண்ணிக்கையோடு சம்பந்தமே இல்லாமல் கொழுந்தின் வரத்தோடு ஏறி இறங்கும். கணினித் திரையை ஒரு மணி நேரம் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்த அனுபவமிக்க பெரிய கிளாக்கர் ஒருவர் சொன்னார்: "இது எத்தனை ஆள்னு கேக்குது தம்பி. எனக்குக் கொழுந்து எத்தனை கிலோ, அதுக்கு எத்தனை பேர் விழும்னு தெரிஞ்சாத்தானே கணக்கு." அவர் கேட்டது உற்பத்தி அளவை அடிப்படையாகக் கொண்ட திட்டமிடல். அதைச் செய்ய இந்தக் கூறினால் தனியே இயலாது. ஏக்கருக்கு விளைச்சல், ஆளுக்குச் சராசரிக் கிலோ, அதிலிருந்து தேவையான பேர் என்று வெளியே கணித்து, முடிவை டிவிசன் மட்டத்தில் ஒரே தொகையாக உள்ளே கொண்டுவருவதுதான் நடைமுறைக்கு உகந்த வழி. நல்லவேளையாக, ஒவ்வொரு ஆளுக்கும் என்றில்லாமல் நிறுவன அலகுக்கும் செலவைத் திட்டமிட இடமிருக்கிறது. அதைக் கைவிட்டுவிட்டு ஆள்வாரியாகத்தான் போடுவேன் என்று பிடிவாதம் பிடிக்கத் தேவையில்லை.

மாதப் பகிர்வையும் இதே காரணத்துக்காகக் கவனிக்க வேண்டும். மேற்கு உயர்நிலத் தோட்டங்களில் ஜனவரி முதல் மார்ச் வரை வறண்ட காற்றில் தரம் கூடி அளவு குறையும். ஏப்ரல், மே மழைக்குப் பின் கொழுந்து குவியும். ஊவாவில் தரக் காலம் ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை. ஆண்டுத் தொகையைப் பன்னிரண்டால் வகுத்தால் பதுளைத் தோட்டத்துக்கும் டிக்கோயாத் தோட்டத்துக்கும் ஒரே கோடு வரும். இரண்டும் பிழையாக இருக்கும். நான் அறிந்த ஓரிடத்தில் நிறுவித் தந்த நிறுவனத்தின் ஆலோசகர் அடிப்படைத் தொகையாக எடுத்துக்கொண்டது மே மாதச் சம்பளப் பட்டியலை. கொழுந்து கொட்டிய மாதம். மேலதிகக் கிலோவும் ஞாயிறு நாளின் ஒன்றரைப் பேரும் நிறைந்த பட்டியல். அதை ஆண்டுக்குப் பெருக்கிக் காட்டியபோது தொழிலாளர் செலவு வானத்தில் நின்றது. கூட்டத்தில் இருந்தவர்கள் தோட்ட முகாமையாளரைத்தான் முறைத்தார்கள். மென்பொருள் தன்னிடம் கொடுத்ததைத்தான் கணித்தது. எந்தக் காலப்பகுதியின் முடிவுகளைத் திரட்டுவது என்ற தெரிவை ஆலோசகரிடம் விட்டுவிடக் கூடாது. பெரிய கிளாக்கரைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு தீர்மானிக்க வேண்டும்.

காசோட்டத்தைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. தீபாவளி முற்பணம் கம்பனிக்குப் பெரிய தலையிடி; ஆனால் அது செலவு அல்ல, பின்னர் மாதாமாதம் வெட்டப்படும் கடன். செலவுத் திட்டத்தில் அது தோன்றாது, தோன்றவும் கூடாது. ஒக்டோபரில் வங்கியில் எவ்வளவு காசு வேண்டும் என்ற கேள்விக்கு இந்தக் கூறிடம் பதில் தேடுவது வீண்.

இனி ஊதிய முகாமைத்துவம். தொழிலாளர்களை விட்டுவிட்டால் தோட்டத்தில் எஞ்சுபவர்கள் இரு வகையினர். கிளாக்கர், வெளிக்கள உத்தியோகத்தர், தேயிலைத் தொழிற்சாலையின் டீமேக்கர் போன்ற உத்தியோகத்தர்களின் சம்பளமும் பெரும்பாலும் தொழிற்சங்கப் பேச்சுவார்த்தையில் முடிவாகிற ஒன்று. அளவுத்திட்டத்தில் ஆண்டுப்படி ஏறுவதற்கு இந்தக் கூறு தேவையே இல்லை, வழமையான சம்பளப் பட்டியலே அதைச் செய்துவிடும். ஆக, முகாமையாளர், உதவி முகாமையாளர்கள், தலைமையக நிறைவேற்று அதிகாரிகள் ஆகியோர் மட்டுமே இதன் இயல்பான பயனாளிகள்.

அவர்களுக்கு இது நன்றாகவே வேலை செய்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு தரத்தின் சம்பள வீச்சு 150,000 முதல் 250,000 ரூபா வரை, நடுப்புள்ளி 200,000 என்று வைத்துக்கொள்வோம். 160,000 பெறும் உதவி முகாமையாளரின் ஒப்பீட்டு விகிதம் (சம்பளத்தை நடுப்புள்ளியால் வகுத்தால் வருவது) 0.80, 240,000 பெறுபவருடையது 1.20. இருவருக்கும் வேலைத்திறன் மதிப்பீட்டில் "நன்று" என்று வந்திருந்தால், அட்டவணை முன்னவருக்கு 9 சதவீதமும் பின்னவருக்கு 4 சதவீதமும் காட்டும்படி அமைக்கலாம். 14,400 ரூபாவும் 9,600 ரூபாவும் ஏன் வேறுபட்டன என்று யாரும் கேட்டால் விடை அட்டவணையிலேயே இருக்கிறது. "துரைக்கு வேண்டியவர்" என்ற பேச்சுக்கு வாய்ப்புக் குறைகிறது. பரிந்துரை எழுதும் மேலதிகாரியின் திரையில், ஒதுக்கிய தொகையில் இன்னும் எவ்வளவு மிச்சம் என்பதும் தெரிகிறது. ஒருவருக்கு அள்ளிக் கொடுத்தால் இன்னொருவருக்குக் கிள்ளித்தான் கொடுக்க முடியும் என்பது எண்ணாகவே கண்முன் நிற்கும்போது பரிந்துரைகளும் நிதானமடைகின்றன.

ஆனால் தோட்ட முகாமையாளரின் ஊதியம் அடிப்படைச் சம்பளத்தில் அடங்குவதில்லை என்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்ததே. பங்களா, வாகனம், எரிபொருள், பங்களாவில் வேலைக்கு நிற்பவர்களின் சம்பளம், தோட்டத்து விறகும் பாலும் என்று பட்டியல் நீளும். மொத்த ஊதிய அறிக்கை என்ற ஒரு வெளியீடு இந்தக் கூறில் உண்டு; இவற்றுக்கெல்லாம் பெறுமதி போட்டு உள்ளிட்டால், ஒருவருக்காகக் கம்பனி உண்மையில் எவ்வளவு செலவிடுகிறது என்பதை ஒரே தாளில் காட்டும். உள்ளிடாவிட்டால் அறிக்கை வெறும் சம்பளச் சீட்டின் நீட்சியாகவே இருக்கும். இந்தப் பெறுமதிகளை யார் போடுவது, பங்களாவின் மாத வாடகை எவ்வளவு என்று யார் சொல்வது என்பதில் இணக்கம் வராமலே அறிக்கை கிடப்பில் போடப்படுவது வழக்கம் என்பதையும் வாங்குபவர்கள் எதிர்பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டு கூறுகளையும் வாங்கிய கம்பனியில் ஒன்றின் முடிவு மற்றதற்கு உச்ச எல்லையாக வர வேண்டும்: செலவுத் திட்டத்தில் நிறைவேற்று அதிகாரிகளுக்கென அனுமதிக்கப்பட்ட உயர்வுத் தொகையே ஊதிய முகாமைத்துவத்தின் பாதீடாக இருக்க வேண்டும். நடைமுறையில் கணக்குப் பிரிவு திட்டத்தை முடித்த பிறகு மனிதவளப் பிரிவு தனக்கென வேறொரு தொகையைப் போட்டு உயர்வுகளை நடைமுறைப்படுத்திவிடுகிறது. முதல் காலாண்டிலேயே திட்டச் செலவுக்கும் உண்மைச் செலவுக்கும் இடையில் ஒரு இடைவெளி திறக்கிறது. அதற்குக் காரணம் கொழுந்தா, கூலியா, அதிகாரிகளின் உயர்வா என்று பிரித்தறிய ஆளில்லை. இரு பிரிவுகளுக்கும் பொதுவான ஓர் அனுமதித் திகதியை விதித்துவிட்டாலே இதில் பாதி தீரும்.

இரகசியம் பற்றியும் சொல்லியாக வேண்டும். செலவுத் திட்டம் ஆள்வாரியாகச் சேமிக்கப்படுவதால், டிவிசன் பாதீட்டைச் சரிபார்க்கும் ஒருவருக்குத் தன் மேலதிகாரியின் சம்பளம் தெரிந்துவிடும் வாய்ப்பு இருக்கிறது. அணுக்க உரிமைகளை முறையாகப் பிரித்தால் தடுக்கலாம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின்னர் இதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவது புத்திசாலித்தனமும் அல்ல.

வாங்கும் காலமும் யோசிக்க வேண்டியது. எஸ்.ஏ.பி.யின் பழைய தொகுதியான ஈ.சி.சி. 6.0இன் பிந்திய பதிப்புகளுக்கான வழமையான பராமரிப்பு 2027 இறுதியோடு முடிகிறது. மேலதிகக் கட்டணத்தோடு 2030 வரை நீடிக்கலாம். ஊதிய முகாமைத்துவத்துக்கு, 2012இல் அந்த நிறுவனம் வாங்கிக்கொண்ட சக்சஸ்ஃபக்டர்ஸ் என்ற மேகக்கணினிச் சேவையில் தனிக் கூறு இருக்கிறது. புதிதாக வாங்குபவர்களுக்கு விற்பனையாளர்கள் இப்போது அதையே முன்னால் வைக்கிறார்கள். ஆகவே ஏற்கெனவே பழைய தொகுதியில் சம்பளப் பட்டியலை ஓட்டிக்கொண்டிருக்கும் கம்பனி, செலவுத் திட்டமிடலை அதிலேயே இயக்கிப் பார்ப்பதில் நட்டமில்லை. ஆனால் ஊதிய முகாமைத்துவத்தைப் பழைய தொகுதியில் இப்போது புதிதாக நிறுவ முயல்வது, இடிக்கப்போகும் லய வீட்டுக்கு வெள்ளையடிப்பது போன்றது.

நான்கைந்து தோட்டங்கள் மட்டுமுள்ள நிறுவனங்களுக்கு இரண்டுமே தேவையில்லை. நல்ல செக்ரோல் மென்பொருளும், ஒருவர் பொறுப்பில் ஒழுங்காகப் பேணப்படும் எக்செல் தாளும் போதும். மிச்சப்படும் பணத்தைக் கொழுந்து நிறுக்கும் இலத்திரனியல் தராசுகளில் போட்டால் பயன் கூடும்.

பெரிய கம்பனிகள் கையெழுத்திட முன் விற்பனையாளரிடம் ஒரு சோதனையைக் கேட்டுப் பெற வேண்டும். அவர் கொண்டுவரும் மாதிரித் தரவை ஒதுக்கிவைத்துவிட்டு, ஒரு டிவிசனின் பெப்ரவரி, மே ஆகிய இரு மாதச் செக்ரோலைக் கொடுங்கள். நாட்சம்பளம் ஆண்டின் நடுவில் உயர்வதாகவும், உயர்வு இரண்டு மாதம் பின்திகதியிட்டு வருவதாகவும் வைத்து, பேர்ச் செலவு, இரு நிதிகளின் பங்களிப்பு, நிலுவைச் சம்பளம், பணிக்கொடைப் பொறுப்பு ஆகிய நான்கையும் தனித்தனியே காட்டச் சொல்லுங்கள். முதல் இரண்டும் அன்றே வந்துவிடும். மூன்றாவதற்கு ஒரு வாரம் கேட்பார். நான்காவதற்கு அவர் சொல்லும் மேலதிகக் கட்டணத்தையும் சேர்த்த பிறகே விலையைப் பேச உட்கார வேண்டும்.